கல்லீரல் வளர வேண்டுமானால் உடம்பு குளிரக் கூடாது

பெரிய கல்லீரல் அறுவையில் கத்தி வைப்பதற்கு முந்தைய நாற்பது நிமிடங்களைக் கவனியுங்கள். மயக்க மருந்து ஏறிவிட்டது. போர்வையை விலக்கியாயிற்று. ஒருவர் கழுத்தில் சிரைக்குழாய் போடுகிறார், ஒருவர் மணிக்கட்டில் தமனிக்குழாய் போடுகிறார், இன்னொருவர் சிறுநீர்க்குழாய் வைக்கிறார். பிறகு மார்பிலிருந்து தொடை வரை கிருமிநாசினியைப் பூசுகிறார்கள். அது உலரும்போது தோலின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. தியேட்டர் ஏசி 18 டிகிரியில் ஓடுகிறது. வரும்போது 36.8 டிகிரி செல்சியஸ் இருந்த நோயாளிக்கு, வயிற்றைத் திறக்கும் நேரத்தில் 35.6 காட்டுகிறது. இன்னும் ஒரு சொட்டு ரத்தம் கூடச் சிந்தவில்லை. ஆனால் அந்த அறுவையின் மிக வேகமான வெப்பநிலை இறக்கம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

கல்லீரலில் பாதியையோ அதற்கு மேலோ வெட்டி எடுக்கும் அறுவையில் எல்லார் கவனமும் எவ்வளவு மிச்சம் வைக்கிறோம், எவ்வளவு ரத்தம் போகிறது என்பதில்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும். ஆனால் மிச்சம் வைத்த துண்டு வளர்வதற்கு நல்ல ரத்த ஓட்டம், ஆக்சிஜன், தொற்றில்லாத வயிறு, போதிய உணவு ஆகிய நான்கும் வேண்டும். உடம்பு குளிர்ந்தால் முதல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். அதனால்தான் வெப்பமானியை மயக்கவியல் மருத்துவரின் சொந்த விஷயமாக ஒதுக்காமல், அறுவை மருத்துவர், நர்ஸ், வார்டு ஊழியர், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் என எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

சூடு எங்கே போகிறது

உடம்பில் உள்சூடு, மேல்சூடு என்று இரண்டு உண்டு. மார்பு, வயிறு, தலை ஆகியவற்றின் உள்ளே 37 டிகிரி இருக்கும்போது, கை கால்கள் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்கும். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதால்தான் இந்த வித்தியாசம் நிற்கிறது. விழித்திருக்கும் ஒருவருக்கு உள்சூடு அரை டிகிரி கூடக் குறையாது, அதற்குள் குழாய்கள் இறுகிவிடும். மயக்க மருந்து இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. 2 முதல் 4 டிகிரி வரை குறைந்த பிறகுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. அதற்குள் நெஞ்சுக்குள் இருந்த சூடான ரத்தம் குளிர்ந்த கை கால்களுக்குப் போய்க் கலந்து, குளிர்ந்து திரும்பி வருகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் 1 முதல் 1.5 டிகிரி இறங்குவது இதனால்தான். சூடு அறைக்குப் போனது கொஞ்சம், உடம்புக்குள்ளேயே இடம் மாறியது அதிகம்.

இதைப் புரிந்துகொண்டால் முக்கியமான வழிமுறை தானாகவே வந்துவிடும். மயக்கம் கொடுத்த பிறகு போர்வை போட்டு இந்த முதல் இறக்கத்தைத் தடுக்க முடியாது. கை கால்களை முன்கூட்டியே சூடாக்கி வைத்தால், கலப்பதற்குக் குளிர்ந்த ரத்தமே இருக்காது. வெப்பக்காற்றுப் போர்வையை (குழாய் வழியாகச் சூடான காற்றை ஊதி நிரப்பும் போர்வை) மயக்கத்துக்கு முன் குறைந்தது 30 நிமிடம் போட வேண்டும். காத்திருப்பு அறையிலேயே போடலாம். வியர்க்கத் தொடங்கினால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வியர்வை ஈரம் பின்னால் குளிரைக் கூட்டும். உள்சூடு 36-க்குக் கீழே இருக்கும்போது, உயிர் காக்கும் அவசரம் இல்லாவிட்டால், மயக்கத்தைத் தொடங்கவே கூடாது.

பல இடங்களில் இது தவறுவது கருவி இல்லாததால் அல்ல. போர்வை தியேட்டருக்குள் இருக்கிறது, நோயாளி வெளியே தள்ளுபடுக்கையில் மெல்லிய கவுனோடு முக்கால் மணி நேரம் காத்துக் கிடக்கிறார். கருவியை வெளியே கொண்டுவந்து ஒரு பிளக்கில் மாட்ட ஓர் ஆள் பொறுப்பேற்றால் போதும்.

முதல் மணி நேரத்துக்குப் பிறகு அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் சூடு மெதுவாக, ஒரே சீராக அறைக்குப் போகும். தோலிலிருந்து கதிர்வீச்சாகவும், காற்றோட்டத்திலும், திறந்த வயிற்றிலிருந்து ஆவியாகவும் போகும். அதற்குப் பிறகு உடம்பு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அந்த மட்டம் 36-ஆ 34.5-ஆ என்பது முதல் இரண்டு கட்டங்களில் நாம் செய்ததைப் பொறுத்தது.

கல்லீரல் அறுவை மட்டும் ஏன் தனி

உடம்பு ஓய்வில் இருக்கும்போது உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து வருகிறது. அந்த அடுப்பையேதான் பாதியாக்குகிறோம். வெட்டும் நேரத்தில் ரத்தக்கசிவைக் குறைக்கக் கல்லீரலுக்குள் நுழையும் குழாய்களை மொத்தமாக இறுக்குவார்கள். 1908-இல் பிரிங்கிள் என்ற மருத்துவர் எழுதி வைத்த முறை அது. இன்று வழக்கமாக 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்துகிறார்கள். இறுக்கிய நேரத்தில் அடுப்பு கிட்டத்தட்ட அணைந்திருக்கிறது. விலா எலும்போரம் நீண்ட வெட்டு, குடல் வெளியே, நாலைந்து மணி நேரம் அல்லது அதற்கும் மேல். சூடு போவதற்கு இதைவிட வசதியான நிலைமை வேறில்லை.

இன்னொன்று உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கல்லீரலை வெட்டும் வரை மையச் சிரை அழுத்தம் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்கட்டும் என்று திரவத்தை ஒடுக்கிக் கொடுப்பார்கள். சிரைகள் தளர்ந்திருந்தால் வெட்டுமுகத்தில் கசிவு குறையும். வெட்டி முடிந்ததும், இதுவரை கொடுக்காததை ஈடுகட்ட, ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று வேகமாக இறக்குவார்கள். அந்த நிமிடத்தில் அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலை வார்மர் (திரவத்தைச் சூடாக்கும் கருவி) வழியாக விடாமல் நேராக மாட்டிவிட்டால், அதுவரை கட்டிக் காத்த சூடு பத்து நிமிடத்தில் போய்விடும். வளர்ந்த ஒருவருக்கு அறை வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் திரவமோ, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு பை ரத்தமோ உடம்பின் சராசரி வெப்பநிலையை ஏறக்குறைய கால் டிகிரி குறைக்கும். நான்கு பை ரத்தம் குளிராகவே போனால் ஒரு டிகிரி. கணக்கு அவ்வளவு நேரடியானது.

ஆகவே 500 மில்லிக்கு மேல் போகும் எந்தத் திரவமும் 37 டிகிரிக்குச் சூடாகிப் போக வேண்டும். ரத்தம் எப்போதும் வார்மர் வழியாகத்தான். வெந்நீரில் பையை முக்குவது, மைக்ரோவேவில் வைப்பது எல்லாம் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், ஒருபோதும் செய்யக் கூடாது. வார்மரிலிருந்து நோயாளிக்குப் போகும் குழாய் நீளமாக இருந்தால், மெதுவாகச் சொட்டும்போது திரவம் வழியிலேயே ஆறிவிடும். வார்மரை நோயாளியின் கைக்கு மிக அருகில் கட்டுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சூடாக்கிய திரவம் குளிராமல் காக்கும், குளிர்ந்துபோனவரைச் சூடாக்காது. சூடாக்கும் வேலை தோல் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

வயிற்றைக் கழுவும் உப்புநீர் 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி அரை மணி நேரம் மேசையில் இருந்த நீர் வெந்நீர் ஆகாது. தேவைப்படும்போது ஊற்றிக்கொள்ளுங்கள். குடலை மூடும் துணியும் வெதுவெதுப்பான நீரில் நனைத்ததாக இருக்கட்டும், ஆறியதும் மாற்றுங்கள். உடம்பு திறந்து கிடக்கும் வரை அறை வெப்பநிலை 21-க்குக் குறையக் கூடாது. மேலே துணி விரித்து, வெப்பக்காற்று ஓடத் தொடங்கிய பிறகு வேண்டுமானால் மருத்துவர்களின் வசதிக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

கல்லீரல் அறுவையில் வயிறும் கீழ்மார்பும் வெட்டுக்கு வேண்டும். போர்வைக்கு மிஞ்சுவது இரு கைகள், தோள், தலை, தொடைக்குக் கீழ். மேலுடல் போர்வை ஒன்று, கீழுடல் போர்வை ஒன்று என இரண்டு போட்டால்தான் தோலின் பரப்பு கணிசமாகக் கிடைக்கும். சாதாரணத் துணி ஓரடுக்கு போட்டாலே இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், ஆனால் மேலே மேலே அடுக்கினால் அதே விகிதத்தில் பலன் கூடாது. நாலு போர்வை போட்டிருக்கிறோம் என்ற நிம்மதி வெறும் நிம்மதிதான்.

வெப்பத்தால் வரும் கேடும் உண்டு. காற்றுக்குழாயைப் போர்வையில் பொருத்தாமல் துணிக்கடியில் அப்படியே செருகிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரே இடத்தில் சூடு குவிந்து தோல் வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பவர் சுடுகிறது என்று சொல்ல மாட்டார். வெந்நீர்ப்பை வைப்பதும் அப்படித்தான். பெருஞ்சிரையை இறுக்கும் கட்டம் வந்தால், கீழுடல் போர்வையின் சூட்டைக் குறைத்துவிடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த கால் சூட்டை எடுத்துப் போக முடியாமல் வெந்துபோகும்.

எங்கே அளப்பது

நெற்றியில் காட்டும் அகச்சிவப்புக் கருவியை நம்பி இந்த அறுவையை நடத்தக் கூடாது. உணவுக்குழாயின் கீழ் மூன்றிலொரு பாகத்தில், இதயத்துக்குப் பின்னால் நிற்கும்படி வைத்த சென்சார்தான் நம்பகமானது. மேலே நின்றுவிட்டால் மூச்சுக்குழாயில் ஓடும் குளிர்ந்த வாயுவால் குறைவாகக் காட்டும். கல்லீரல் சுருங்கி இறுகிய நோயாளிக்கு உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இருக்கலாம். அவருக்கு மூக்கின் பின்புறம் வைப்பது பாதுகாப்பு. சிறுநீர்ப்பை சென்சார் நல்லதுதான், ஆனால் சிறுநீர் குறைந்திருக்கும்போது பின்தங்கிக் காட்டும். திரவத்தை ஒடுக்கிய கல்லீரல் அறுவையில் சிறுநீர் குறைவது வழக்கம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். அரை மணிக்கு ஒரு முறையாவது எண்ணை எழுதி வையுங்கள். திரையில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை, எழுதும் கைதான் இறக்கத்தைக் கண்டுபிடிக்கும்.

குளிர் என்ன செய்கிறது

ரத்தம் உறைவது நொதிகளின் வேலை. சூடு குறைந்தால் நொதிகள் மந்தமாகும், தட்டணுக்கள் ஒட்டுவதும் குறையும். கல்லீரல் வெட்டுமுகம் முழுக்கச் சிறு குழாய்களின் வாய்கள். கூடவே, உறைதல் காரணிகளைத் தயாரிக்கும் உறுப்பே பாதியாகிவிட்டது. ஒரு டிகிரிக்கும் குறைவான குளிர்ச்சியே ரத்தப்போக்கைச் சராசரியாக 16 சதவீதம் கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆய்வகத்தில் உறைதல் சோதனை செய்யும் கருவி மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அளக்கும். நோயாளி 34.5-இல் கசிந்துகொண்டிருப்பார், தாளில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதில் எவ்வளவு தாமதம் என்று காட்டும் எண்) 1.3 என்று, கிட்டத்தட்ட இயல்பாக வரும். “ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே, ஏன் கசிகிறது?” என்று எல்லாரும் வெட்டுமுகத்தைத் தேடுவார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை, அது வேறு வெப்பநிலையில் இருக்கும் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறது. உறைதல் சரியில்லை என்று பிளாஸ்மா கேட்பதற்கு முன் ஒரு முறை வெப்பமானியைப் பாருங்கள்.

ரத்தம் அதிகம் ஏற்ற வேண்டி வந்தால் அடுத்த சிக்கல் சிட்ரேட். பையில் ரத்தம் உறையாமல் இருக்கக் கலந்த சிட்ரேட்டைக் கல்லீரல்தான் உடைக்கிறது. கல்லீரல் பாதி, மேலும் உடம்பு குளிர் என்றால் சிட்ரேட் தேங்கிக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் விழும், உறைதலும் மேலும் கெடும். வேகமாக ரத்தம் ஏற்றும்போது அயனிக் கால்சியத்தை (ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் இருக்கும் கால்சியம்) அடிக்கடி பார்த்து ஈடுசெய்வது இந்த அறுவையில் கட்டாயம்.

தொற்று விஷயத்தில் 1996-இல் வெளிவந்த குர்ஸ், செஸ்லர் குழுவினரின் ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், சராசரியாக 34.7 டிகிரிக்குக் குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண் சீழ் பிடித்தது, 36.6-இல் வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு. தோலின் குழாய்கள் இறுகினால் புண்ணுக்கு ஆக்சிஜன் போகாது, ஆக்சிஜன் இல்லாமல் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாது. கல்லீரல் வெட்டியவருக்கு இது இரட்டைக் கேடு. குடலிலிருந்து கசியும் கிருமிகளை வடிகட்டும் காவல் செல்களில் பெரும்பங்கு கல்லீரலில்தான் இருக்கிறது, அவற்றில் பாதி வெட்டியெடுத்த துண்டோடு போய்விட்டன. தொற்று வந்துவிட்டால் மிச்சக் கல்லீரல் வளரும் வேலையை விட்டுவிட்டு எதிர்ப்பு வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

மருந்துகளும் தங்கிவிடும். வெக்குரோனியம் என்ற தசைத்தளர்த்தி 2 டிகிரி குறைந்தாலே ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வேலை செய்யும். கல்லீரல் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் பெரிய வெட்டுக்குப் பிறகு இன்னும் நீளும். தளர்வு நீங்கிவிட்டதா என்று நரம்புத் தூண்டியில் சோதிக்காமல், சுவாசத்துக்காக வைத்த குழாயை எடுத்துவிட வேண்டாம்.

எத்தனை டிகிரி போதும் என்ற கேள்விக்கு 2022-இல் வந்த புரொடெக்ட் ஆய்வு ஒரு பகுதிப் பதில் தருகிறது. 5,056 பேரில் பாதியை 37-க்கு அருகிலும், பாதியை 35.5-க்கு அருகிலும் வைத்துப் பார்த்தார்கள். இதயப் பாதிப்பிலும் இறப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 36.3-இல் நிற்கும் நோயாளியை 37-க்கு ஏற்றப் போராட வேண்டியதில்லை. ஆனால் 34-க்குப் போனாலும் பரவாயில்லை என்று இதற்கு யாராவது பொருள் சொன்னால் ஏற்காதீர்கள். 35.5-க்குக் கீழே விடுவது அந்த ஆய்வின் இலக்காகவே இல்லை. எங்கள் கணிப்பில் பெரிய கல்லீரல் வெட்டுக்கு 36 தான் கோடு.

குளிர் உதவும் ஒரே இடம்

ரத்தம் ஓடாத உறுப்புக்குக் குளிர் நண்பன். கொடையாகப் பெற்ற கல்லீரலை 4 டிகிரிக்குக் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தால் கழுவி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் அதன் ஆக்சிஜன் தேவை மிக மிகக் குறைந்துவிடும். அப்படிப் பல மணி நேரம் தாங்கும், பொதுவாக 12 மணி நேரத்துக்குள் பொருத்திவிடப் பார்ப்பார்கள். கட்டி பெருஞ்சிரையை ஒட்டி இருந்து, ரத்த ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுதாக நிறுத்த வேண்டி வந்தால், உடம்புக்குள் இருக்கும்போதே கல்லீரலுக்குள் குளிர்திரவம் செலுத்தி வெட்டும் முறையும் உண்டு. 1970-களில் ஃபோர்ட்னர் இதைச் செய்து காட்டினார்.

உறுப்பு குளிரலாம், ஆள் குளிரக் கூடாது. பொருத்திய கல்லீரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும் நிமிடத்தில் அந்தக் குளிர் முழுதும் நேராக இதயத்துக்கு வரும், கூடவே பொட்டாசியமும். அதற்கு முன் உறுப்பைக் கழுவிவிட வேண்டும், நோயாளியின் சூட்டை 36-க்கு மேல் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். 35-இல் திறந்தால் உடனே 34-க்கு விழும், அந்த இதயம் தாளம் தப்புவதற்குத் தயாராக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி எப்படி நடக்கிறது

வெட்டிய மடல் முளைத்து வராது. பல்லி வால் மாதிரி என்று எல்லாரும் சொல்வது தவறு. மிச்சமிருக்கும் துண்டில் உள்ள செல்களே பிரிந்து பெருகி, அந்தத் துண்டு உப்பிப் பெரிதாகிறது. இதயம் தள்ளும் ரத்தத்தில் கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது, அதில் முக்கால்வாசி குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. கல்லீரல் மூன்றிலொன்றாகிவிட்டாலும் குடலிலிருந்து வரும் ரத்தம் குறைவதில்லை. அதே வெள்ளம் சிறிய வாய்க்காலில் பாய்கிறது. குழாய்ச் சுவர்களில் விழும் அந்த உராய்வுதான் முதல் அழைப்பு. காவல் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடும், தூங்கிக்கிடந்த கல்லீரல் செல்கள் விழிக்கும், வளர்ச்சிக் காரணிகள் அவற்றைப் பிரியச் சொல்லும். 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி, சுமார் ஒரு வாரம் பத்து நாளில் பழைய எடைக்கு வருவதைக் காட்டினார்கள். மனிதனுக்கு முதல் இரண்டு வாரத்தில் வேகம் மிக அதிகம், மூன்று மாதத்தில் பெரும்பகுதி வந்துவிடும், மிச்சம் ஒரு வருடம் வரை மெல்ல நடக்கும்.

வெள்ளம் தூண்டுதல்தான், ஆனால் அளவு மீறினால் கரையை உடைக்கும். நல்ல கல்லீரலுக்குக் குறைந்தது 20 முதல் 25 சதவீதம், கீமோதெரபி கண்ட கல்லீரலுக்கு 30, இறுகிப்போன கல்லீரலுக்கு 40 சதவீதம் மிச்சம் வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பது இதற்காக. மிச்சம் போதாது என்று சிடி ஸ்கேனில் தெரிந்தால், எடுக்கப்போகும் பக்கத்தின் போர்ட்டல் கிளையை அடைத்துவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பார்கள், மறுபக்கம் அதற்குள் பெருக்கும். நோயாளியும் குடும்பமும் “ஏன் இன்னும் தேதி தரவில்லை” என்று தவிக்கும் காலம் இது. அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான் என்று முதலிலேயே விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை.

செல் பிரியும் இந்த வேலைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். மயக்கம் தெளியும்போது நோயாளி நடுங்கத் தொடங்கினால் தசைகள் ஆக்சிஜன் தேவையை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றிவிடும், குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும் பங்கு சுருங்கும். விழித்தெழும் கல்லீரல் செல்லுக்கு இதைவிடப் பொருந்தாத நேரம் கிடையாது.

முதல் ஐந்து நாட்கள்

நடுக்கம் கண்டதும் மருந்தைத் தேடாமல் வெப்பநிலையைப் பாருங்கள். 35.4 இருந்தால் வெப்பக்காற்றுப் போர்வை, ஆக்சிஜன், தேவையானால் 12.5 முதல் 25 மில்லிகிராம் பெத்திடின். வெட்டு பெரிதாக இருந்தால் குறைந்த அளவில் நிறுத்துங்கள். முதுகில் எபிடூரல் (வலி மரத்துப்போக முதுகெலும்புக்குள் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டவருக்கு மருந்து பிடித்த பகுதியில் ரத்தக்குழாய்கள் திறந்தே இருக்கும், குளிர்வதும் உணராது. அவர் “குளிரவில்லை” என்று சொன்னாலும் அளந்து பாருங்கள். முன்கையையும் விரல்நுனியையும் மாறி மாறித் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. முன்கை வெதுவெதுப்பாக, விரல் ஜில்லென்று இருந்தால் குழாய்கள் இன்னும் இறுகியே இருக்கின்றன. எபிடூரல் குழாயை எடுப்பதற்கு ஐஎன்ஆர் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இந்த அறுவையில் மறந்துபோகும் விஷயம்.

இதே நடுக்கம் நான்காம் நாள், 38.5 டிகிரியோடு வந்தால் கதை வேறு. போர்வை போட்டுவிட்டுப் போகக் கூடாது. ரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை, டிரெய்ன் திரவம் (வயிற்றில் வைத்த வடிகுழாயில் வரும் நீர்), ஸ்கேன் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலோ பிறகோ டிரெய்ன் திரவத்தில் பிலிருபின் என்ற பித்த நிறமி, ரத்தத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்கு இருந்தால் அது பித்தக் கசிவு. காய்ச்சலே இல்லாமல் 36-க்குக் கீழே இறங்கி, கூடவே மந்தமும் குழப்பமும் வந்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டும். தொற்று முற்றியிருக்கலாம், அல்லது கல்லீரல் தோற்கத் தொடங்கியிருக்கலாம்.

ஐஎன்ஆர் முதல் இரண்டு நாளில் ஏறிப் பிறகு இறங்கும், அது இயல்பு. தாளில் உள்ள எண்ணைவிட அது போகும் திசையைப் பாருங்கள். ஐந்தாம் நாள் புரோத்ராம்பின் அளவு (ரத்தம் உறையும் திறனைக் காட்டும் இன்னொரு எண்) 50 சதவீதத்துக்குக் கீழேயும் பிலிருபின் 50 மைக்ரோமோலுக்கு மேலேயும், அதாவது சுமார் 2.9 மில்லிகிராமுக்கு மேல், இரண்டும் சேர்ந்து இருந்தால் உயிராபத்து பாதிக்கு மேல் என்று 2005-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். ஐம்பது-ஐம்பது விதி என்று அதைச் சொல்வோம். ஐஎன்ஆர் ஏறியிருப்பதால் ரத்தம் உறைந்து அடைக்காது என்று நம்பிக் காலில் ரத்தக்கட்டி விழாமல் தடுக்கும் ஊசியை நிறுத்திவிடுவது பெரிய பிழை. உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் அதே கல்லீரல்தான் தயாரிக்கிறது, அவையும் குறைந்திருக்கின்றன.

பாஸ்பேட்டை மறக்காதீர்கள். இரண்டு மூன்றாம் நாளில் அது சட்டென்று விழும். வளரும் செல்கள் இழுத்துக்கொள்வதும் சிறுநீரில் போவதும் சேர்ந்து நடக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஈடுசெய்ய வேண்டும், மிகவும் இறங்கிவிட்டால் மூச்சுத் தசைகளே தளரும். விழவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், வளர்ச்சி தொடங்கவில்லை என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். முதல் இரண்டு நாள் சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள், சேமிப்புக் கிடங்கு பாதியாகிவிட்டதால் இரவில் இறங்கக்கூடும். லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும், கல்லீரல் அகற்றும் பொருள்) ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் குறைய வேண்டும். ஆனால் குளிர்ந்த, நடுங்கும் நோயாளியிடம் எடுத்த லாக்டேட்டை வைத்துக் கல்லீரலைக் குறை சொல்லாதீர்கள். சூடேற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.

பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள் நிற்கட்டும். இபுபுரூஃபென், டைக்ளோபினாக் வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையும் ரத்தக்கசிவையும் கெடுக்கும். தூக்க மருந்து, மூலிகைப் பொடி, “கல்லீரலுக்கு நல்லது” என்று யாரோ தரும் டானிக் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு

வளரும் கல்லீரலுக்குக் கட்டுமானப் பொருள் புரதம். உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று கணக்கு, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். கல்லீரல் வெட்டியவருக்குப் புரதம் ஆகாது என்ற பழைய அறிவுரையால் மெலிந்துபோனவர்கள் ஏராளம். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடட்டும். மது முழுதாகக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, நடப்பது மட்டும் தினமும் கூடிக்கொண்டே போகலாம்.

அக்குளில் வெப்பமானி வைப்பதானால் ஈரத்தைத் துடைத்து, கையை உடம்போடு ஒட்டி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். உள்சூட்டைவிட அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும் என்பதால், தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்தால்தான் பொருள் உண்டு. 38-ஐத் தாண்டினால், நடுங்கிக் குளிரெடுத்தால், கண் மஞ்சளானால், பகலில் தூங்கி இரவில் விழித்துப் பேச்சு தடுமாறினால், மாத்திரை போட்டு விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் மாத்திரை எண்ணைக் குறைக்கும், பித்தக் கசிவை மூடாது.

களைப்பு இரண்டு மூன்று மாதம் இருக்கும். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்த பிறகும் மத்தியானம் படுத்தே ஆக வேண்டும் போல இருப்பது வழக்கம்தான், சோம்பல் என்று யாரும் பேசிவிடாதீர்கள். மூன்றாம் மாத ஸ்கேன் படத்தைப் பார்க்கும் குடும்பத்தார் பலர் திடுக்கிடுவார்கள். வலது பக்கம் வெட்டியவருக்கு இடது துண்டு உருண்டையாகப் பெருத்து, காலியான இடத்துக்குள் திரும்பிப் படுத்திருக்கும். பித்தப்பை இருக்காது, குடலின் வளைவு மேலே ஏறி வந்திருக்கும். பழைய வடிவத்தை அதில் தேட வேண்டாம். ரிப்போர்ட்டில் கன அளவு எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனில் மிச்சம் என்று கணக்கிட்ட மில்லியோடு அதை ஒப்பிட்டுச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.